தட்டுக்குக் கீழே

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது அரைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நாங்கள் குனிந்து தேடுவோம். அவர்கள் சண்டை போடுகிற அன்று எங்களுக்கு ரேடியோ தேவைப்படாது. அதனாலேயே அந்த வீட்டுப் பெரியவர் எனக்குச் 'சுவரு' என்று பேர் வைத்திருந்தார். "டேய் சுவரு, நேத்து நாங்க பேசினதுல ஏதாவது விட்டுப்போச்சா? சொல்லு, இன்னொரு தடவ பேசறோம்" என்று தெருவில் நாலு பேர் நிற்கும்போதே கேட்பார்.

அந்த வீட்டில் மூன்று பேர். பெரியவர் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர். பிடரியில் ஒரு கைப்பிடிச் சதை காய்த்துப் போய் நிற்கும். இடுப்பு விட்டதோடு வேலை நின்றது. வாய் நிற்கவில்லை. மகன் ராக் ஃபிட்டர், கோடௌன்களில் இரும்புத் தட்டுகளை அடுக்கி நிறுத்துகிற வேலை. மருமகள் பம்பு மோட்டார் டிப்போவில் ஸ்டோர் பார்க்கிறாள். நான் லோடு ஏற்றி இறக்குவதும் அதே டிப்போவில்தான். அங்கே அவள் எனக்கு மேடம். தெருவுக்குள் வந்துவிட்டால் நான் அவளுக்கு அண்ணன்.

டிப்போ புது ஷெட்டுக்கு மாறியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. புது ஷெட்டில் தரையும் கூரையும்தான் இருந்தன. ராக் முழுக்கப் புதிதாக வாங்க வேண்டும். முதலாளி அந்த வேலையை அவள் தலையில் கட்டினார். "எது வேணும்னு நீயே பாத்து எடும்மா. நான் உள்ள வரல. ஆனா நாளைக்கு ஒன்னு சரிஞ்சா, உன்னத்தான் கேப்பேன்" என்று என் எதிரிலேயே சொன்னார்.

சும்மா சொல்லவில்லை. பழைய ஷெட்டில் போன மழைக்காலத்தில் ஒரு ராக் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அதற்கு அடியில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வலது கை உள்ளே மாட்டியது. இப்போது அந்த அம்மா இடது கையாலும் பல்லாலும்தான் கயிறு முடிகிறாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் கயிற்று நாரைத் துப்புவாள். அந்தச் சத்தம் ஸ்டோர் ரூம் வரைக்கும் கேட்கும். மடங்கிய அந்த ராக்கும் நல்ல சாம்பிள் காட்டி விற்றதுதான்.

புது ஷெட்டுச் செய்தி காதில் விழுந்ததும் புருஷன் வேலை பார்க்கிற ராக் கம்பெனிக்காரர் அவனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டிருக்கிறார். அதுவரை போட்டதில்லையாம். "ஆர்டர் உன் வீட்டுக்குள்ளயே தூங்குது. எழுப்பிக் கூட்டிட்டு வா. அப்புறம் நீ மேல ஏற வேணாம். சூப்பர்வைசர். கீழ நின்னு கைய நீட்டினாப் போதும்."

அவனுக்கு அந்தச் சொல் எப்படி இனித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு மேல்தட்டிலிருந்து விழுந்தான். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஏணியில் நாலு படி ஏறினாலே கண் இருட்டிக்கொண்டு வரும். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பானாம், போல்ட் தேடுகிற மாதிரி. கம்பெனிக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். சுவருக்கும் தெரியும்.

*

அன்று அவர்கள் வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சாக்குப்பையைக் கொண்டுவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்தான். வெட்டின இரும்புத் துண்டுகள் சிமெண்டுத் தரையில் குதித்தன.

"சாப்பிடற எடத்துல என்ன இது?"

"உங்க ஷெட்டுக்கு. பாரு."

"சாப்பிட்டுட்டுப் பாக்கறேன்."

"சோறு ஓடிடாது."

"இரும்பு மட்டும் ஓடிடுமா?"

மூலையில் கட்டிலில் கிடந்த பெரியவர் சிரித்தார். "ஓடாது மருமகளே. உன் மூஞ்சியப் பாத்தா வேணா உருண்டு வெளிய போகும்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் வரிசையாக ஓட்டை போட்ட ஆங்கிள் துண்டு.

"இது வேணாம். போல்ட்டு எல்லாம் ஆறு மாசத்துல கழண்டுக்கும். எங்க சாமான் பேப்பர் கட்டு இல்ல, வார்ப்பிரும்பு."

"அது அளவு காட்ட எடுத்தாந்தது. உனக்கு இது." அவன் ராக்கின் நிற்கிற கால் துண்டையும் குறுக்கே போகிற பீம் துண்டையும் எடுத்தான். காலில் கண்ணீர்த் துளி வடிவத்தில் துளைகள். பீமின் முனையில் கொக்கிகள். துளையில் கொக்கியை வைத்துக் கீழே ஒரு தட்டு தட்டினான். கடித்துக்கொண்டது. "பின் ஒன்னு அடிச்சிட்டா யானை ஏறி நிக்கலாம்."

"யானைய நான் ஸ்டாக் எடுக்கல. மோட்டார் நிக்குமா?"

"நிக்கும்னுதான் சொல்றேன்."

"காலு எத்தன கேஜு?"

"பதினாலு."

இரும்புத் தகட்டில் கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும். பதினாலு தடிமன். பதினாறு மெலிசு. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"மேல சேனல் எங்க?" என்றாள்.

"எந்த சேனலு?"

"ரெண்டு வரிசையையும் தலைமாட்டுல சேத்துப் புடிக்கற சேனலு. நீங்க குடுத்த கொட்டேஷன்ல அது இல்ல."

"தரையில ஆங்கர் போல்ட்டு அடிக்கறோமே, அப்புறம் அது எதுக்கு தண்டத்துக்கு?"

"பழைய ஷெட்லயும் தரையில அடிச்சிருந்தது."

"அத நிறுத்தினவன் வேற கம்பெனி."

"அவனும் தண்டம்னுதான் சொன்னான்."

அவன் ஒரு சேனல் துண்டை எடுத்து அவள் மடியில் போட்டான். போட்டான் என்று சொல்வதைவிட எறிந்தான் என்றே சொல்லலாம். "இந்தா. சேனலு. ஸ்பிரிங் நட்டு. உள்ள விட்டுத் திருப்பினா பல்லு புடிச்சுக்கும். சேத்தே தர்றோம். போதுமா? இல்ல ஷெட்டுக்கே ஒரு சங்கிலி போட்டுக் கட்டணுமா?"

"ஹெல்மெட்காரன் கேக்காமயே சேத்திருந்தான்" என்றாள் அவள்.

ஹெல்மெட்காரன் என்பது இன்னொரு கம்பெனி ஆள். டிப்போவுக்கு வந்தால் தலையில் இருக்கும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். அதற்குள்ளிருந்தே பேசுவான். "வேணும்னா எடுங்க. லேட்டாத்தான் வரும். கொறைக்கச் சொல்லாதீங்க" என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துப் போய்விடுவான். அவனைப் பிடிக்கும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட உனக்குத் தெரியாது. அவன நம்பற. தாலி கட்டினவன நம்ப மாட்டேங்கற."

"மூஞ்சியக் கொண்டு போயா ஷெட்ல நிறுத்தப் போறேன்?"

பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. நான் வாஷரை மாட்டி, குழாயைத் திறந்து மூடிப் பார்த்து, ஒழுகவில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தேன். அவள் தட்டில் சோறு காய்ந்து வெடித்திருந்தது.

*

அடுத்த விடுமுறை நாளில் அவன் ஒரு முழு சாம்பிள் ராக்கையே கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினான். அந்தக் கூடம் ஒரு கட்டிலும் ஒரு மனுஷனும் கொள்ளும். வாடகை வீட்டுத் தரையில் ஆங்கர் அடிக்க முடியாதென்று சுவரோடு ஒரு சேனலை வைத்து முடுக்கினான். டிரில் முனை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. அரிசிப் பானையில் செங்கல் தூள் கொட்டியது. என் வீட்டுக்காரி ஓட்டையில் வாயை வைத்து, "எங்க வீட்டுலயும் ஒரு தட்டு மாட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்று கத்தினாள்.

ஆனால் ராக் என்னவோ ராக்தான். ஆட்டினால் வீடு ஆடியது, அது ஆடவில்லை. பெரியவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரு நாளைக்குள் அவர் துண்டு, மாத்திரை டப்பா, வெந்நீர் சொம்பு, செருப்பு எல்லாம் அதில் ஏறிவிட்டன. பீமைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். "பாத்தியா ஸ்டோர்காரி. இடுப்பு ஒடிஞ்சவன் தொங்கறேன். ஒரு முனகல் இருக்கா? எனக்கில்ல, அதுக்கு."

அவள் சமையலறைக்குப் போக ராக்குக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து போனாள். ஒவ்வொரு தடவையும் முழங்கை இடித்தது. மூன்றாம் தடவை நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் முகம் விரிந்தது. "அப்ப நாளைக்கே ஆர்டர்..."

"சாம்பிள் நல்லா இருக்கு. நான் சாம்பிள வாங்கப் போறதில்ல. உங்க யார்டுக்கு வர்றேன். அடுக்கி வச்சிருக்கற லாட்ல நான் கை வச்சு எடுக்கறதக் கொண்டாந்து, இதே எடத்துல நிறுத்துங்க. எங்க ஷெட்ல ஏத்தற வெயிட்ட ஏத்துங்க. அப்புறம் பேசலாம்."

"புருஷன் மேல போலீஸ் வைக்கற."

"பழைய ஷெட்டுக்கு வந்த சாம்பிளும் இப்படித்தான் இருந்தது. அதுல தொங்கிக் காட்டினவரு நம்ம மாமா இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

சொன்னபடி போனாள். பழைய சிவப்பு ரவிக்கை ஒன்றைக் கிழித்துத் துணிப்பட்டைகளாக எடுத்துப் போயிருக்கிறாள். அடுக்கின் நடுவிலிருந்து கால்களையும் பீம்களையும் உருவச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையைத் துளைக்குள் விட்டு இறுக்கி முடிந்துவிட்டு வந்தாள், மாற்றி வைத்தால் தெரிந்துவிடுமென்று. யார்டில் இருந்தவர்கள், "என்ன அண்ணி, ராக்குக்கு ரிப்பனா? பூ வைக்கலயா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர் மட்டும் சிரிக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்தியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

"பொண்டாட்டிய அடக்கத் துப்பில்லாதவனுக்கு சூப்பர்வைசர் எதுக்குன்னு கேக்கறாருடி! எல்லார் முன்னாடியும் கேக்கறாரு!"

"உங்க சாமான் நல்ல சாமான்னா அவருக்கு ஏன் எரியுது?"

"மேல ஏறினா எனக்குக் கண்ணு இருட்டுது. உனக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் நான் உளர்றத நீதான் கேக்கற. தெரிஞ்சும் பண்ற."

என் வீட்டுக்காரி அடுப்பைக் குறைத்தாள், கொதிக்கிற சத்தம் மறைக்கிறதென்று.

"தெரியும்" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "அதுக்காக அத எடுத்து அடுத்தவங்க தலைக்கு மேல வைக்கணுமா?"

"யாரு அடுத்தவங்க? கூலிக்கு வர்றதுங்க. நான் உன் புருஷன்!"

பெரியவர் நடுவில் புகுந்தார். "விடுடா. அவளுக்குப் புருஷன் விழுந்தாப் பரவால்ல. மோட்டாரு விழக் கூடாது. மோட்டாருக்குத்தானே கழுத்த நீட்டினா."

ஒரு பாத்திரம் விழுந்தது. இந்தத் தடவை நாங்கள் குனிந்து தேடவில்லை.

*

லாட்டிலிருந்து எடுத்த சாமான் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சின்ன வேனில் வந்தது. சிவப்புப் பட்டைகள் அப்படியே இருந்தன. முடிச்சுகளை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

மழைக்கு முந்தின புழுக்கம். தகரக் கூரை நெருப்பாகக் காய்ந்தது. ஈ கூடப் பறக்காமல் நடந்தது. நானும் அவனும் சாம்பிளைக் கழற்றி வெளியே சாய்த்துவிட்டுப் புதியதை நிறுத்தினோம். கால், பீம், குறுக்குப் பட்டி, சுவருக்குச் சேனல். அதே நீலப் பெயின்ட், அதே துளை, அதே கொக்கி. தோளில் வைத்துத் தூக்கும்போது கொஞ்சம் சுலபமாக வந்த மாதிரி இருந்தது. காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். அதனாலிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் துண்டையும் சொம்பையும் கையில் வைத்துக்கொண்டு எப்போது முடியும் என்று காத்திருந்தார். "டேய் சுவரு, மெதுவா. உன் பொண்டாட்டி அரிசி புடைக்கற நேரம்."

தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்து மேஸ்திரியிடம் சொல்லி மணல் மூட்டைகள் வாங்கிக்கொண்டோம். அவள் டிப்போத் தராசில் வெயிட் பார்த்து வைத்திருந்த கணக்குக்கு இத்தனை மூட்டை என்று சொல்லிக்கொண்டு நின்றாள். நான் சுமந்தேன். அவன் மேலே தூக்கி வைத்தான். மேல்தட்டுக்கு முக்காலி மேல் ஏற வேண்டியிருந்தது. ஏறினதும் பீமைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். அவள் முக்காலியின் காலைத் தன் காலால் மிதித்துப் பிடித்தாள்.

"மண்ணு ஈரம். கணக்கவிட ஜாஸ்திதான் ஏறியிருக்கு. போதும்" என்றான் இறங்கி.

"இன்னும் ரெண்டு மிச்சம்."

"மேல எடமில்ல."

"எங்க ஷெட்ல அடித்தட்டுக்குக் கீழ தரையிலயும் சாமான் இருக்கும். இந்த ரெண்டையும் அங்க வைங்க."

அடித்தட்டு இடுப்பு உயரத்தில் இருந்தது. நான் மண்டியிட்டு, ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனேன். முதுகுக்கு மேலே மூன்று தட்டு மணல். தட்டின் அடிப்பக்கம் பெயின்ட் படாமல் வெறும் தகடாக இருந்தது. அதிலிருந்து ஈரம் ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது.

"இன்னும் உள்ள தள்ளு" என்றான் அவன், ராக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

தள்ளினேன்.

"சுவரோட ஒட்டணும். இன்னும் உள்ள போ. இல்லன்னா அதுக்கும் ஒரு கொறை சொல்லுவா."

போனேன். வெளியே வந்து இரண்டாவது மூட்டையை இழுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். முழங்காலெல்லாம் மணல். வெளியே வந்ததும் அவள் எனக்கு டீ கொடுத்தாள். அவன் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனான்.

ராக் நின்றது. ஆடவில்லை. மணல் ஈரம் வடிந்து தரையில் கோடு போட்டது.

"என்ன சொல்றே இப்ப?" என்றார் பெரியவர். "கம்முனு நிக்குது. உன் வாய விட அமைதியா நிக்குது."

"நிக்குதுன்னா, இப்ப நிக்குது."

"ஓகோ. அது உன்கிட்ட வந்து, அம்மா தாயே நான் காலம் பூரா நிப்பேன்னு சத்தியம் பண்ணணுமா?"

"நீங்க என்ன வேணா பேசுங்க மாமா. எங்க ஷெட்ல இதுக்கடியில உக்காந்துதான் பொம்பளைங்க பெட்டி கட்டறாங்க. வந்ததுல இருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் அங்கதான். பேசறவங்க யாரும் அடியில போறதில்ல. தொங்கிக் காட்டறீங்களே, ஒரு மத்தியானம் அடியில படுத்துத் தூங்குவீங்களா?"

"தூங்கினா?"

"தூங்கி எழுந்திரிங்க. நாளைக்குக் காலையில உங்க மகன் கம்பெனிக்கே ஆர்டர் எழுதிடறேன். என் வாயும் மூடிக்கும்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "சுவரு, கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி. உனக்குத்தான் காது நல்லா இருக்கு."

கட்டிலை விட்டு இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாயை எடுத்து உதறி, ராக்கின் அடியில் விரித்தார். "என் மகன் நிறுத்தினது. இதுக்கடியில நான் என்ன, என் சந்ததியே படுக்கும். அதுக்கும் நீ வழி பண்ணல" என்று அவளைப் பார்த்து ஒரு குத்து குத்திவிட்டுக் குனிந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் தலையை முன்னால் விட்டு உடம்பைச் சுருட்டி உள்ளே நகர்ந்தார். நான் வைத்த மணல் மூட்டை ஒன்றில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெடித்த பாதம்.

"சொகமா இருக்குடி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஏசி போட்ட மாதிரி இருக்கு."

அவன் அப்போதுதான் கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். அப்பாவைக் கட்டிலில் தேடினான். பிறகு அந்தப் பாதங்களைப் பார்த்தான்.

ஓடிவந்து இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தான். பெரியவர் பாயோடு சேர்ந்து வந்தார். சட்டை சுருண்டு கழுத்துக்கு ஏறியது. முதுகு சிமெண்டில் உரசியது.

"டேய், டேய்! என்னடா பொணத்த இழுக்கற மாதிரி... இடுப்புடா! விடுடா நாயே!"

விடவில்லை. வாசப்படி தலையில் இடிக்கிற வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

பெரியவர் எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். "என்னடா உனக்கு?"

"அடியில... புழுக்கமா இருக்கும். இங்க காத்து வருது. இங்க படுங்க."

தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. வாசலில் மண் வாசனை எழுந்தது. எல்லார் மேலும் குளிர்ந்த காற்று பட்டது.

பெரியவர் ராக்கைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லாமல் நின்றதுதான் எனக்கே தாங்கவில்லை.

"எத்தன கேஜுடா?" என்றார் பெரியவர்.

"பதினா..." என்று இழுத்தான்.

"அவகிட்ட சொன்னத என்கிட்ட சொல்லாத. எத்தன கேஜு?"

"பதினாறு." கொஞ்சம் நிறுத்தி, "பெயின்ட் ரெண்டு கோட்டு" என்றான். "உடனே எல்லாம் விழாது. நாலஞ்சு மாசம் நல்லா நிக்கும். அப்புறம்தான் துளை வாயத் திறக்கும். எல்லாக் கம்பெனிக்காரனும் இதான் பண்றான்."

"எல்லாக் கம்பெனிக்காரனுக்குமா நான் அப்பன்?"

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இவன் உள்ள போனானே" என்று பெரியவர் என் பக்கம் கையை நீட்டினார். "ரெண்டு தடவ போனான். அப்ப நீ எங்கடா இருந்த?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துலதான் இருந்த. இன்னும் உள்ள போ, இன்னும் உள்ள போன்ன."

என் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனும் நானும் பதினெட்டு வருஷமாக ஒரே தெருக்குழாயில் குடிதண்ணீர் பிடிக்கிறோம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெண்டு மூட்டையையும் வெளிய எடு" என்றார் பெரியவர்.

"மேல இருக்கறத இறக்கிட்டு..."

"மேல இருக்கறத யாரும் தொடக் கூடாது. மொதல்ல அடியில இருக்கறது."

பழக்கதோஷத்தில் நான்தான் முன்னால் போனேன். வாசலில் சாத்தியிருந்த பெரியவரின் கைத்தடி என் வயிற்றில் வந்து குறுக்கே நின்றது.

"நீ இல்ல சுவரு. அவன்."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் மண்டியிட்டான். தலையைத் தூக்கித் தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே நுழைந்தான். ஏணியில் ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு கையாகத் தரையைப் பற்றிப் பற்றிப் போனான். சமதரையில் ஒரு மனுஷன் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

பாதி உடம்பு உள்ளே போனதும் ராக் ஒரு தடவை கிரீச்சென்றது. மழைச்சத்தமாகக் கூட இருக்கலாம்.

அவள் இரண்டே எட்டில் வந்து ராக்கின் முன்பக்கக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். மேலே அத்தனை மணல். அவள் உடம்பில் என் ஒரு மூட்டை கனம்கூட இருக்காது. பிடித்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"மூட்டைய விட்டுட்டு வா. வெளிய வாய்யா!"

அவனை அவள் அப்படி ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, சுவர் வழியாகக்கூட. அவன் விடவில்லை. ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். மறுபடியும் உள்ளே போய் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வந்தான். வந்து, மூட்டையின் மேலேயே உட்கார்ந்தான். தலைமுடியில் மணல். உதடு காய்ந்திருந்தது.

பெரியவர் பாயைச் சுருட்டினார்.

"மருமகளே. அந்த ஹெல்மெட்காரன் சாம்பிள் குடுத்திருக்கானா?"

"குடுத்திருக்கான்."

"சாம்பிள் வேணாம். அவன் லாட்ல போயி எடு. செவப்புத் துணி மிச்சமிருக்கா?"

"இருக்கு மாமா."

"கொண்டாந்து இதே எடத்துல நிறுத்து. வெயிட்ட ஏத்து. அடியில யாரு படுப்பான்னு உனக்குத் தெரியும்." கைத்தடி மகனைக் காட்டியது. "மத்தியானம் ஒன்னு இல்ல. முழு நாளும்."

நாளைக் காலையில் அவன் கம்பெனிக்குப் போக வேண்டும், ஏணியில் ஏற வேண்டும். அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"தலகாணி வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

மழை பிடித்துக்கொண்டது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு மேல்தட்டு மூட்டைகளை இறக்கப் போனேன். அவள் இன்னும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"கைய எடும்மா" என்றேன். "மூட்டைய இறக்கணும்."

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.